கீமோ வேண்டுமா என்று மரபணு டெஸ்டிடம் கேட்பது எப்படி

என் வேலை மைக்ராஸ்கோப் முன்னால். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வரும் மார்பகக் கட்டியை அளந்து, வெட்டி, மெழுகில் பதித்து, மறுநாள் ஸ்லைடில் பார்த்து ரிப்போர்ட் எழுதும் பேத்தாலஜி டாக்டர் நான். முன்பெல்லாம் நோயாளிகள் என்னைத் தேடி வருவது அபூர்வம். கட்டியின் மரபணுக்கள் எவ்வளவு மும்முரமாக வேலை செய்கின்றன என்று பார்த்து ஒரு ஸ்கோர் தரும் ஜீன் எக்ஸ்பிரஷன் டெஸ்ட் வந்த பிறகுதான் என் அறை வாசலில் ஆள் நிற்க ஆரம்பித்தது. டெஸ்டுக்கு அனுப்ப வேண்டிய மெழுகு பிளாக் என் அலமாரியில் இருக்கிறதே, அதற்காக.

வருகிறவர்கள் கேட்பது, "பிளாக் எப்போ கிடைக்கும் டாக்டர்?" நான் திருப்பிக் கேட்பது, "ஸ்கோர் கம்மியா வந்தா என்ன செய்யறதா இருக்கீங்க? அதிகமா வந்தா?" இரண்டுக்கும் ஒரே பதில் என்றால் பிளாக் அலமாரியிலேயே இருக்கலாம். இந்த டெஸ்ட் உருப்படியாகப் பதில் சொல்வது ஒரே ஒரு கேள்விக்கு: ஹார்மோன் மாத்திரை (ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கட்டியை வளர்க்காமல் தடுப்பது) எப்படியும் சாப்பிடப் போகும் ஒருவருக்கு, அதோடு கீமோவும் சேர்த்தால் கூடுதலாக ஏதாவது கிடைக்குமா? அந்தக் கேள்வி உங்கள் புற்றுநோய் மருத்துவரின் மனதில் இன்னும் முடிவாகாமல் இருந்தால்தான் டெஸ்டுக்கு வேலை உண்டு.

உங்களுக்குப் பொருந்துமா என்று பாருங்கள்

கையில் இருக்கும் பேத்தாலஜி ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பல பக்கம் இருக்கும். பயப்பட வேண்டாம், தேட வேண்டியது சில வரிகள்தான். ஈஆர், பிஆர் என்று இரண்டு ஹார்மோன் ஏற்பிகள் பாசிட்டிவா, எத்தனை சதவீதம். செல்லைப் பெருகத் தூண்டும் ஹெர்-2 என்ற புரதம் நெகட்டிவா. கட்டியின் அளவு எத்தனை சென்டிமீட்டர். கிரேடு, அதாவது செல்கள் சாதாரணச் செல்லிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்பது, 1, 2, 3-இல் எது. அக்குளில் எடுத்த நிணநீர் முடிச்சுகளில் எத்தனையில் நோய் இருந்தது. சில ரிப்போர்ட்டில் கேஐ-67 என்ற சதவீதமும் இருக்கும்; செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்பதற்கான அடையாளம் அது.

ஈஆர் பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ், ஆரம்ப நிலை, அக்குள் முடிச்சுகளில் நோய் இல்லை அல்லது மூன்று வரை இருக்கிறது. இந்தக் கூட்டத்துக்காகத்தான் இந்த டெஸ்டுகள் உருவாயின. மார்பகப் புற்றுநோயில் ஏறக்குறைய 70 சதவீதம் ஈஆர் பாசிட்டிவ் - ஹெர்-2 நெகட்டிவ் வகைதான் என்பதால் இது சின்னக் கூட்டமும் இல்லை.

ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் ட்ராஸ்டுசுமாப் போன்ற மருந்துகளைச் சுற்றி வேறு கணக்கு. ட்ரிபிள் நெகட்டிவ் (ஈஆர், பிஆர், ஹெர்-2 மூன்றும் நெகட்டிவ்) என்றால் ஹார்மோன் மாத்திரைக்கே இடமில்லை, அதனால் இந்தக் கேள்வியே எழாது. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட முடிச்சுகளில் நோய் இருந்தால், ஸ்கோர் குறைவு என்று நம்பி கீமோவை விடலாம் என்பதற்குப் போதிய ஆதாரம் கிடையாது. ஏற்கெனவே உடம்பின் வேறு இடத்துக்குப் பரவிய நோய்க்கும் இது பொருந்தாது. இந்த நான்கு நிலைகளில் யாராவது "எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடுவோமே" என்றால், பார்த்து என்ன செய்வதாக உத்தேசம் என்று கேளுங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ரத்தத்தில் செய்யும் பிஆர்சிஏ டெஸ்ட் வேறு. அது நீங்கள் பிறக்கும்போதே கொண்டுவந்த மரபணுவில் பிழை இருக்கிறதா என்று பார்ப்பது. மகளுக்கும் தங்கைக்கும் அதில் சேதி உண்டு. ஜீன் எக்ஸ்பிரஷன் டெஸ்ட் பார்ப்பது கட்டியை மட்டும். ஸ்கோர் 40 வந்தாலும் 4 வந்தாலும் உங்கள் மகளுக்கு அதில் ஒரு சேதியும் இல்லை. "அம்மாவுக்கு ஜீன்லயே இருக்காமே" என்று அழுத பெண்ணிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு அரை மணி நேரம் பிடித்தது.

டெஸ்ட் எதை அளக்கிறது

உடம்பின் எல்லாச் செல்லிலும் டிஎன்ஏ ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டில் எத்தனை அறை என்பது டிஎன்ஏ. இந்த நேரத்தில் எந்த அறையில் விளக்கு எரிகிறது, எவ்வளவு வெளிச்சமாக எரிகிறது என்பது ஜீன் எக்ஸ்பிரஷன். ஒரு மரபணு வேலை செய்யும்போது ஆர்என்ஏ என்ற நகலை உண்டாக்கும். அந்த நகல் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணுவதுதான் டெஸ்ட்.

அதிகம் பேசப்படும் ஆன்கோடைப் டிஎக்ஸ் 21 மரபணுக்களைப் பார்க்கிறது. அதில் 16 புற்றுநோய் தொடர்பானவை, 5 ஒப்பீட்டுக்காக. எண்ணும் முறை, கொரோனா காலத்தில் எல்லோருக்கும் பழகிப்போன அதே ஆர்டி-பிசிஆர். அந்த 16-ஐயும் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு எடை போட்டு, கடைசியில் 0 முதல் 100 வரை ஒரே எண்ணாக மாற்றுகிறார்கள். அந்த எடைகள் 2004-இல் வெளியான ஆய்விலேயே இருக்கின்றன: செல் பெருக்கத்தைக் காட்டும் ஐந்து மரபணுக்களின் குழுவுக்கு 1.04, ஹெர்-2 குழுவுக்கு 0.47, ஈஸ்ட்ரோஜன் குழுவுக்கு மைனஸ் 0.34. அதாவது செல்கள் வேகமாகப் பெருகினால் ஸ்கோர் ஏறும், ஹார்மோன் ஏற்பிகள் நன்றாக வேலை செய்தால் இறங்கும். மற்றவை எல்லாம் சில்லறை.

இதைத் தெரிந்துகொள்வதில் ஒரு லாபம் இருக்கிறது. பெருக்கமும் ஹார்மோன் ஏற்பியும்தான் முக்கியம் என்றால், அவற்றைப் பற்றிச் சொல்லும் கிரேடு, பிஆர், கேஐ-67 எல்லாம் ஏற்கெனவே உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கின்றனவே! ஆமாம். கிரேடு 1, பிஆர் 90 சதவீதம், கேஐ-67 ஐந்து சதவீதம் என்று ஒரு ரிப்போர்ட் எழுதி முடிக்கும்போதே, இதற்கு ஸ்கோர் அனுப்பினால் உயர்வாக வருவது அரிது என்று எனக்குத் தெரியும். கிரேடு 3, பிஆர் நெகட்டிவ், கேஐ-67 ஐம்பது சதவீதம் என்றால் குறைவாக வருவது அரிது. இந்த ஊகத்தையே கணக்காக்கி, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் மேகி சமன்பாடுகள் என்று உருவாக்கியிருக்கிறார்கள். ஈஆர், பிஆர், ஹெர்-2, கேஐ-67, அளவு, கிரேடு இவற்றைப் போட்டால் ஸ்கோர் உத்தேசமாக எங்கே விழும் என்று இலவசமாகச் சொல்லும். டெஸ்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் "மேகி கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா?" என்று கேட்பதில் தவறே இல்லை. என் அனுபவத்தில் டெஸ்ட் உண்மையில் உதவுவது நடுவில் நிற்பவர்களுக்கு: கிரேடு 2, இரண்டு சென்டிமீட்டர், கேஐ-67 பதினெட்டு, இருபது என்று எந்தப் பக்கமும் சாயாமல் இருக்கும் ரிப்போர்ட்டுகள்.

எந்த டெஸ்ட்

ஆன்கோடைப் தவிர மம்மாபிரிண்ட் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் உருவானது, 70 மரபணுக்கள், அதன் முதல் ஆய்வு 2002-இல் வந்தது. இது எண் கொடுத்து உங்களை யோசிக்க வைக்காது. குறைந்த ஆபத்து, அதிக ஆபத்து என்று இரண்டில் ஒன்றைச் சொல்லும். புரோசிக்னா 50 மரபணுக்களைக் கொண்டு கட்டி எந்த உள்வகை என்பதையும் (லூமினல் ஏ, லூமினல் பி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள்) மீண்டும் வரும் ஆபத்தையும் சொல்கிறது. முக்கியமாக மாதவிடாய் நின்றவர்களுக்கு. எண்டோபிரெடிக்ட் 12 மரபணுக்களோடு கட்டியின் அளவையும் முடிச்சு நிலவரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. பிரெஸ்ட் கேன்சர் இண்டெக்ஸ் வேறு ஒரு கேள்விக்கானது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எல்லாம் ஒரே தரமா? நோய் திரும்புமா என்று முன்கூட்டிச் சொல்வது ஒன்று. கீமோ கொடுத்தால் பலன் இருக்குமா என்று சொல்வது வேறொன்று. முதல் வேலையை எல்லா டெஸ்டும் ஓரளவு நன்றாகவே செய்கின்றன. இரண்டாவதற்கு, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்குக் கீமோ கொடுத்து, மறுபாதிக்குக் கொடுக்காமல், வருடக்கணக்கில் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு வேண்டும். அப்படிப்பட்ட முடிவுகள் கையில் இருப்பது முக்கியமாக ஆன்கோடைப்புக்கும் மம்மாபிரிண்ட்டுக்கும். அதனால் என்னிடம் கேட்டால், கேள்வி கீமோ பற்றியது என்றால் இந்த இரண்டில் ஒன்று என்பேன்.

"சந்தேகமா இருக்கு, ரெண்டு டெஸ்டும் பண்ணிடலாமா?" இந்த யோசனை அடிக்கடி வருகிறது. வேண்டாம். பிரிட்டனில் ஆப்டிமா என்ற ஆய்வின் முன்னோட்டத்தில் 302 கட்டிகளைப் பல டெஸ்டுகளில் போட்டுப் பார்த்தார்கள். எல்லா டெஸ்டும் ஒருமனதாக ஒரே பக்கம் வைத்தவை சுமார் 39 சதவீதம்தான். மொத்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்கு ஆபத்து குறைவு என்பதில் டெஸ்டுகள் பெரிதாக மாறுபடவில்லை. ஆனால் அந்தக் குறைவானவர்கள் யார் யார் என்பதில் ஒத்துப்போகவில்லை. இரண்டு டெஸ்ட் எடுத்து இரண்டும் வேறு வேறு சொன்னால் எதை நம்புவது என்று சொல்ல என்னிடமும் வழி இல்லை, உங்கள் மருத்துவரிடமும் இல்லை. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அதோடு நில்லுங்கள்.

பிளாக் விஷயம்

இது யாரும் பேசாத பகுதி. எனக்கோ இதுதான் முக்கியமான பகுதி.

ஆர்என்ஏ சீக்கிரம் கெட்டுப்போகும் சரக்கு. கட்டியை உடம்பிலிருந்து எடுத்து ஒரு மணி நேரத்துக்குள், திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட வேண்டும். முழுசாகத் தூக்கிப் போட்டால் ஃபார்மலின் நடுவில் ஏறாது. குறுக்கே வெட்டித் திறந்துதான் போட வேண்டும். அதில் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் ஊற வேண்டும். ஈஆர், ஹெர்-2 டெஸ்டுகளுக்காக வகுத்த விதிதான் இது, ஆர்என்ஏவுக்கும் நல்லது. ஆபரேஷனுக்கு முன்பே தெரிந்தால், சர்ஜனிடம் "பிறகு ஜீன் டெஸ்ட் தேவைப்படலாம், திசுவை உடனே பேத்தாலஜிக்கு அனுப்பிவிடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். மூன்று நாள் விடுமுறைக்கு முந்தின சாயங்காலம் செய்த ஆபரேஷனின் டப்பா திங்கட்கிழமை காலையில் என் மேஜைக்கு வருவது எனக்குப் பிடிக்காத காட்சி.

ஒரு கட்டியிலிருந்து ஐந்தாறு பிளாக் இருக்கும். எதை அனுப்புவது? ஒவ்வொன்றின் ஸ்லைடையும் மீண்டும் பார்த்து, ஊடுருவும் புற்றுச் செல்கள் அடர்த்தியாக இருக்கும் இடத்தைத் தேடுவேன். ஸ்லைடின் கண்ணாடிமேல் அந்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போடுவேன். வெளியே கொழுப்பும் சாதாரண பால்சுரப்பித் திசுவும். பால்குழாய்க்குள்ளேயே அடங்கி நிற்கும் டிசிஐஎஸ் பகுதி வட்டத்துக்குள் வந்துவிடக் கூடாது. முக்கியமாக, முன்பு பயாப்சி ஊசி போன தடம். அங்கே ஊசிக் காயத்தை ஆற்ற வந்த அழற்சிச் செல்கள் குவிந்து கிடக்கும், அவையும் மும்முரமாகப் பெருகிக்கொண்டிருக்கும். டெஸ்டுக்குப் புற்றுச் செல்லின் பெருக்கம், ஆறும் புண்ணின் பெருக்கம் என்ற வித்தியாசம் தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்து அரைத்து எண்ணும். ஸ்கோர் பொய்யாக ஏறும். இப்படி ஏறும் என்பது ஆய்வுகளில் பதிவான விஷயம்தான்.

வட்டம் போட்ட பிறகு டெக்னீசியன் வேலை. புது பிளேடு மாட்டி, முந்தின நோயாளியின் துணுக்கு ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை என்று பார்த்து, மைக்ரோடோமில் சில மைக்ரான் தடிமனில் சீவுவார். மெழுகு நாடா சுருண்டு சுருண்டு வரும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் நீங்கியதும் ஸ்லைடில் ஏந்தி எடுப்பார். சில கம்பெனிகள் இந்த ஸ்லைடுகளைக் கேட்கும், சில பிளாக்கையே கேட்கும்.

பிளாக்கை நீங்களே வாங்கிக்கொண்டு போவதாக இருந்தால்: எந்த பிளாக் எண் என்று எழுதி வாங்குங்கள், பேத்தாலஜி ரிப்போர்ட்டின் நகலும் சேர்த்து. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள், அது மெழுகு. டெஸ்ட் முடிந்ததும் பிளாக் திரும்பி வருமா, யார் பொறுப்பு என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டி ஒன்றல்ல, ஒரே மார்பில் இரண்டு என்றால், பொதுவாக கிரேடு கூடியதை அனுப்புவோம். இரண்டும் பார்க்க வேறு வேறாக இருந்தால் மருத்துவரோடு பேசித்தான் முடிவு. ஆபரேஷனுக்கு முன்பு எடுத்த ஊசிப் பயாப்சியிலேயே டெஸ்ட் செய்ய முடியும், திசு போதுமான அளவு இருந்தால், நேரம் மிச்சம். ஆனால் கீமோவோ ஹார்மோன் மாத்திரையோ ஆரம்பித்த பிறகு எடுத்த திசுவை அனுப்பக் கூடாது. மருந்து பட்ட கட்டியில் பெருக்கம் அடங்கியிருக்கும், டெஸ்டோ மருந்து படாத கட்டியில் சரிபார்க்கப்பட்டது.

எண் வந்த பிறகு

ஆன்கோடைப் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஓர் எண். எல்லோரும் அதை மார்க் மாதிரி படிக்கிறார்கள், குறைவாக வந்தால் நல்லது என்று. அது சரிதான், ஆனால் 18-ஐ 18 சதவீதம் என்று படிப்பவர்களும் உண்டு. ஸ்கோர் சதவீதம் இல்லை. அதன் பக்கத்தில் இரண்டு சிறிய எண்கள் இருக்கும், அவைதான் விஷயம்: ஹார்மோன் மாத்திரை மட்டும் சாப்பிட்டால் (முடிச்சில் நோய் இல்லாதவர்களுக்கு) 9 வருடத்தில் உடம்பின் வேறு இடத்தில் நோய் திரும்பும் வாய்ப்பு எவ்வளவு, கீமோ சேர்த்தால் அந்த வாய்ப்பில் எவ்வளவு குறையும்.

ஒரு உதாரணம். வயது 56, முடிச்சில் நோய் இல்லை, ஸ்கோர் 18 என்று வைத்துக்கொள்வோம். இங்கே நமக்கு உதவுவது டெய்லர்-எக்ஸ் ஆய்வு. 2018-இல் முடிவு வெளியானது, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள், எல்லோருக்கும் முடிச்சில் நோய் இல்லை. ஸ்கோர் 11 முதல் 25 வரை வந்த 6,700-க்கும் மேற்பட்டவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 9 வருடம் கழித்து, வேறு இடத்துக்கு நோய் பரவாமல் இருந்தவர்கள் மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 94.5 சதவீதம், கீமோவும் எடுத்தவர்களில் 95 சதவீதம். அந்த அம்மாளைப் போன்ற நூறு பேரை நிற்க வைத்தால், கீமோ இல்லாமல் ஏறக்குறைய ஐந்து பேருக்கு நோய் திரும்பும்; நூறு பேருக்கும் கீமோ கொடுத்தாலும் ஏறக்குறைய அதே ஐந்து பேர். முடி கொட்டுவது, ரத்த அணு குறைவது, கை கால் மரத்துப்போவது எல்லாம் அந்த நூறு பேரில் யாருக்கும் வரலாம்.

"கீமோ ஆபத்தை 20 சதவீதம் குறைக்கும்" என்று யாராவது சொன்னால், எத்தனையிலிருந்து எத்தனைக்கு என்று கேட்டுவிடுங்கள். 5 பேரில் 20 சதவீதம் ஒருவர். 30 பேரில் 20 சதவீதம் ஆறு பேர். நூறு பேர் கணக்கில் சொல்லச் சொல்வதே நல்லது. நான் பார்த்தவரை எந்த டாக்டரும் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை.

அடுத்த உதாரணம்: வயது 44, மாதவிடாய் நிற்கவில்லை, முடிச்சில் நோய் இல்லை, ஸ்கோர் 22. அதே ஆய்வுதான், ஆனால் கதை மாறுகிறது. 50 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களில் ஸ்கோர் 15 வரை கீமோவால் லாபம் தெரியவில்லை. 16 முதல் 20 வரை நூற்றுக்கு ஒன்றரைப் பேர் போல. 21 முதல் 25 வரை நூற்றுக்கு ஆறேழு பேர் போல வித்தியாசம் வந்தது. இப்போது யோசிக்க வேண்டிய எண் ஆகிவிட்டது.

முடிச்சுகளில் நோய் இருப்பவர்களுக்கும் இதே பிளவு. 1 முதல் 3 முடிச்சு, ஸ்கோர் 25 வரை உள்ளவர்களை வைத்துச் செய்த ஆர்எக்ஸ்-பாண்டர் ஆய்வு 2021-இல் வெளிவந்தது. மாதவிடாய் நின்றவர்களுக்குக் கீமோவால் பலன் இல்லை. நிற்காதவர்களில் 5 வருடத்தில் நோயின்றி இருந்தவர்கள் கீமோ எடுத்தவர்களில் 93.9 சதவீதம், எடுக்காதவர்களில் 89 சதவீதம். மம்மாபிரிண்ட்டை வைத்து 6,693 பெண்களிடம் செய்த மைண்டாக்ட் ஆய்விலும் இதே கதை: கட்டியின் அளவு, கிரேடு, முடிச்சு போன்றவற்றின்படி ஆபத்து அதிகம், டெஸ்டில் ஆபத்து குறைவு என்று வந்தவர்களில், 50-க்கு மேல் கீமோவால் வித்தியாசம் ஏதும் இல்லை என்றே சொல்லலாம், 50 வரை உள்ளவர்களில் 8 வருடத்தில் 5 சதவீதப் புள்ளிகள் வித்தியாசம்.

இளையவர்களுக்கு ஏன் இப்படி? கீமோ சினைப்பைகளை ஓயவைத்துவிடுகிறது, மாதவிடாய் நின்றுபோகிறது, ஈஸ்ட்ரோஜன் இறங்குகிறது. அந்தப் பலனில் ஒரு பங்கு இந்த வழியாக வருவதாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். அப்படியென்றால் சினைப்பையை ஊசி போட்டு ஓயவைத்து, மாத்திரையும் கொடுத்தால் போதாதா? இது இன்னும் தீராத விவாதம். 50-க்குக் கீழ் இருக்கிறீர்கள், ஸ்கோர் நடுவில் இருக்கிறது என்றால் மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "கீமோவுக்குப் பதில் சினைப்பையை நிறுத்தும் ஊசியும் மாத்திரையும் எனக்கு ஒரு வழியா?"

ஸ்கோர் 10 வரை என்றால் பேச்சு சுருக்கம். டெய்லர்-எக்ஸ் ஆய்வில், முடிச்சில் நோய் இல்லாமல், மாத்திரை மட்டும் எடுத்த அந்தக் குழுவில் 5 வருடத்தில் 99.3 சதவீதம் பேருக்கு நோய் வேறு இடத்துக்குப் பரவவில்லை. 26-உம் அதற்கு மேலும் என்றால் பொதுவாகக் கீமோ சிபாரிசு செய்வார்கள். 26, 27 என்று எல்லையில் நின்றால்? எல்லைக்கோடு மனிதர் போட்டது. பழைய கோடுகள் 18-லும் 31-லும் இருந்தன. அங்கே வயது, கிரேடு, அளவு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் ஆர்எஸ்-க்ளின் என்ற கணக்கீடு இருக்கிறது, ஆன்காலஜிஸ்ட் போட்டுக் காட்டலாம்.

எண்ணும் ஸ்லைடும் ஒத்துப்போகாதபோது

கிரேடு 1, பிஆர் முழு பாசிட்டிவ், ஆனால் ஸ்கோர் 34. இப்படி ஒன்று வந்தால் உடனே கீமோவுக்குத் தேதி குறிக்காமல், பேத்தாலஜி டாக்டரை ஸ்லைடை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பயாப்சித் தடம் உள்ளே வந்துவிட்டதா? அனுப்பிய பிளாக் அந்த ஆளுடையதுதானா? எதிர்ப்பக்கமும் உண்டு: கிரேடு 3 என்று நான் எழுதிய கட்டிக்கு ஸ்கோர் 9 வந்தால், கட்டி இருந்த பகுதிதான் போனதா, வெறும் கொழுப்பா என்று பார்க்க வேண்டும்.

ஆன்கோடைப் ரிப்போர்ட்டின் உள்பக்கத்தில் ஈஆர், பிஆர், ஹெர்-2 மூன்றுக்கும் தனித்தனி எண் இருக்கும். ஈஆருக்கு 6.5-உம் அதற்கு மேலும் பாசிட்டிவ். ஸ்லைடில் ஈஆர் 95 சதவீதம், இங்கே நெகட்டிவ் என்றிருந்தால் எங்கோ சிக்கல். மாத்திரை கொடுப்பதா, ஹெர்-2 மருந்து கொடுப்பதா என்ற முடிவுக்கு ஸ்லைடு டெஸ்ட்தான் அளவுகோல். உள்பக்க எண்களை வைத்து அதை மாற்றக் கூடாது. சரிபார்க்கச் சொல்லும் எச்சரிக்கை மணியாக வைத்துக்கொள்ளலாம்.

ஸ்கோருக்குச் சம்பந்தமில்லாதவை

ஸ்கோர் குறைவு என்பதால் மாத்திரையை விடலாம் என்று அர்த்தமே இல்லை. அந்த அழகான எண்கள் எல்லாம் டமாக்சிஃபெனோ லெட்ரோசோல், அனஸ்ட்ரசோல் போன்றவையோ 5 வருடம் ஒழுங்காக எடுத்தவர்களிடம் வந்தவை. மூட்டு வலி தாங்காமல் எட்டாம் மாதம் நிறுத்தியவருக்கு அந்த ரிப்போர்ட் பொருந்தாது. வலி என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாற்று மாத்திரை இருக்கிறது.

ரேடியேஷன் வேண்டுமா என்பதும் வழக்கமாக இந்த ஸ்கோரை வைத்து முடிவாவதில்லை. அபிமாசைக்ளிப் போன்ற புது மாத்திரைகளை முடிச்சு எண்ணிக்கை, கிரேடு, அளவு இவற்றைப் பார்த்துத்தான் தருகிறார்கள். ஸ்கோர் 12 என்பதால் அது தேவையில்லை என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

டெஸ்ட் முடிவு வர ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். கீமோ ஆரம்பிக்கச் சில வாரங்கள் இடம் உண்டு என்பதால் அந்தக் காத்திருப்பு பொதுவாகச் சரி. ஆனால் ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் "டெஸ்ட் பண்ணலாமா?" என்று யோசிக்க ஆரம்பிப்பது நல்லதல்ல. என் ரிப்போர்ட் கைக்கு வந்த அன்றே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், பிரெஸ்ட் கேன்சர் இண்டெக்ஸ் என்று ஒன்றைச் சொன்னேன் அல்லவா. இந்த வகைப் புற்றுநோய் 5 வருடத்துக்குப் பிறகும் திரும்பக்கூடியது, அதனால் ஐந்தாம் வருடக் கடைசியில் ஒரு கேள்வி வரும்: மாத்திரையை நிறுத்துவதா, பத்து வருடம் வரை நீட்டுவதா? எலும்பு தேய்கிறது, சூடு கிளம்புகிறது, சும்மா நீட்டுவானேன். இந்த டெஸ்ட் ஹெச்ஓஎக்ஸ்பி13, ஐஎல்17பிஆர் என்ற இரண்டு மரபணுக்களின் விகிதத்தைப் பார்த்து, நீட்டினால் பலன் கிடைக்கும் கட்டியா இல்லையா என்று சொல்லப் பார்க்கிறது. அதற்கும் வேண்டியது முதல் ஆபரேஷனில் எடுத்த அதே பிளாக்தான். ஒவ்வொரு மருத்துவமனையும் பிளாக்குகளை எத்தனை வருடம் வைத்திருக்கும் என்பது மாறும். உங்களுடையது எங்கே, எந்த எண்ணில், எதுவரை இருக்கும் என்று இப்போதே கேட்டு, ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.